கதியின்மையே தகுதி

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம், பாம்பாறு அணையை ஒட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. அதே மாவட்டத்தின் மறுகோடியில் ஒசூர். அங்குள்ள சிப்காட் ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு மொழி புதிது, ஊர் புதிது. ஆனாலும் இந்த மண்ணில் ஏன் இருக்கிறாய் என்று சட்டம் அவர்களைக் கேட்பதில்லை. ஜுஜுவாடி எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனாலும் அப்படித்தான். முகாமில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, வேறு நாட்டையே பார்த்திராத இளைஞரோ, கடவுச்சீட்டு, அரசு வேலை என்று குடியுரிமை கேட்கும் வாசல் வந்ததும் நின்றுவிடுகிறார். அவர் செய்த எதுவும் இதற்குக் காரணமல்ல. அவருடைய பெற்றோர் கரையிறங்கிய நாளில் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்பட்டார்கள் என்பதே காரணம். ஆகவே வந்தவரைப் பதிவது எழுத்தர் வேலையோடு முடிவதில்லை. அடைக்கலம் கேட்பவரிடம் முதலில் எதைக் கேட்பது என்ற அறக்கேள்வி அதற்குள் இருக்கிறது.

நம் சமய மரபு இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த வீடணன் இராமனிடம் அடைக்கலம் புகுந்த இடமாகத் தனுஷ்கோடி வழியிலுள்ள கோதண்டராமர் கோயிலைச் சொல்வார்கள். கம்பர் அந்த நிகழ்ச்சியைத் தனிப் படலமாகப் பாடினார். வேதாந்த தேசிகர் அதன் பொருளை விரித்து 'அபயப்ரதான சாரம்' எழுதினார். சரணடைபவருக்கு வைணவம் வைக்கும் தகுதிகள் இரண்டு. கையில் ஏதும் இல்லாமை ஒன்று. அதை ஆகிஞ்சன்யம் என்பார்கள். புகுவதற்கு வேறிடம் இல்லாமை மற்றொன்று, அது அநந்யகதித்துவம். அகதி என்ற சொல்லுக்கும் கதி அற்றவர் என்றே பொருள். வெறுங்கையோடு வந்து நிற்பதைத் தகுதியின் அடையாளமாகக் கண்ட மரபு நம்முடையது.

நம் சட்டமோ இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி யார் என்று வரையறுக்கும் தனிச் சட்டமும் இங்கு இல்லை. 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம், செல்லுபடியாகும் பயண ஆவணமின்றி நுழைந்த அயல்நாட்டவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. பெற்றோரில் ஒருவர் அப்படிப்பட்டவராயின், 2004 டிசம்பர் 3 முதல் இங்கு பிறந்த குழந்தைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. எரியும் வீட்டிலிருந்து ஓடிவந்தவரிடம் வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்பதற்கு ஒப்பானது இது. 1983 முதல் இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடலைத் தாண்டி வந்தார்கள். 2021-இல் தமிழக அரசு தந்த கணக்கில் 58,822 பேர் முகாம்களில் இருந்தார்கள். பதிவு என்ற ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதை 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை காட்டுகிறது. இலங்கைத் தமிழரில் 2015 ஜனவரி 9 வரை வந்து, அரசிடம் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் பசி தாங்காமல் தனுஷ்கோடிக் கரைக்கு வந்த குடும்பங்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கின்றன.

வருபவர் அனைவரையும் நம்பிவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலையைக் கண்ட மாநிலத்தில் அந்த அச்சம் வீணானதல்ல. இராமாயணமும் அதை மறைக்கவில்லை. பகைவனின் தம்பியை நம்பாதே என்று சுக்கிரீவன் எச்சரித்தான். இராமன் அவையோரைக் கேட்டான். இலங்கையில் வீடணனை நேரில் கண்டறிந்த அனுமனின் சாட்சியையும் கேட்டான். எனவே விசாரணை அபயத்துக்குப் பகையல்ல. ஆனால் அந்த விசாரணைக்கு ஒரு முடிவு இருந்தது. நாற்பதாண்டாகியும் முடியாத விசாரணை பாதுகாப்பும் தராது, அடைக்கலமும் தராது. பாதுகாப்பை விரும்பும் அரசுக்கு முழுமையான பதிவே துணை. வழக்குக்கு அஞ்சி ஒளிந்து வாழ்பவரைப் பற்றி அரசுக்கு என்ன தெரியும்?

இன்னொரு மறுப்பு கூர்மையானது. வீடணன் அரசனின் தம்பி, போருக்குப் பயன்பட்டவன். ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு அந்தக் கதை பொருந்துமா? பயன் கருதித்தான் இராமன் ஏற்றான் என்றால் பொருந்தாது. ஆனால் வந்திருப்பவன் இராவணனே ஆனாலும் அபயம் தந்தேன் என்ற பொருளில் வால்மீகி இராமனைப் பேச வைக்கிறார். வந்தவரின் தகுதியையோ பயனையோ பொறுத்ததல்ல, தருபவர் ஏற்ற விரதம் அது. நம்மிடமே ஏழைகள் இருக்கிறார்களே என்பதும் உண்மைதான். ஆனால் ஒருவரை முறையாகப் பதிந்து, உழைக்க விட்டால் அவர் தம் சோற்றைத் தாமே ஈட்டுவார். தொழிலாளர் தேவையில் வளர்ந்த ஒசூருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதியாமல் முகாமில் வைத்துச் சோறு போடுவதுதான் அரசுக்குத் தீராச் செலவு.

இதிலிருந்து செய்யவேண்டியவை தெளிவாகின்றன. கரையிறங்கியவரிடம் செய்யும் முதல் வேலை ஆவணம் கேட்பதாக இருக்கக்கூடாது. ஓர் ஆவணம் கொடுப்பதாக இருக்கவேண்டும். யார், எந்த ஊர், எதற்கு அஞ்சி வந்தார், உடன் வந்த உறவினர் யார் என்பவற்றை அவர் சொன்னபடி எழுதி, வாசித்துக்காட்டி, நகலை அவர் கையிலேயே தரவேண்டும். பெண்களிடம் பெண் அலுவலர் கேட்கவேண்டும். பிறக்கும் குழந்தைக்குத் தாமதமின்றிப் பிறப்புச் சான்று வேண்டும். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்னும்போது, அந்த ஒரு தேதி ஒரு வாழ்வையே தீர்மானிக்கிறது. விசாரணைக்குக் கெடு வேண்டும், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு வேண்டும். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு மாற்றியது நல்ல தொடக்கம். பலகையில் மாறிய பெயர் பதிவேட்டிலும் மாறவேண்டும்.

எண்ணுதல் என்ற தமிழ்ச் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் கருதுதல் என்றும் இரு பொருள். முகாமில் ஆள் இருக்கிறாரா என்று தணிக்கை நாளில் தலைகளை எண்ணுகிறோம். கம்பரின் இராமனும் எண்ணினான். நால்வராய்ப் பிறந்த உடன்பிறப்பு வரிசையில் குகனையும் சுக்கிரீவனையும் சேர்த்தபின், வீடணனை ஏழாவதாக வைத்தான். அதுவும் ஒரு பதிவுதான், வரிசை எண்ணோடு. வந்தவரை உறவாக எண்ணி எழுதும் பதிவேடுதான் அடைக்கலம் தரும் பதிவேடு.