நூற்றில் ஒருவர்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் விண்மீன்களை ஆராய்ந்து வருகிறது. எட்டாத் தொலைவில் உள்ளதைக் காண மனிதன் படைத்த கருவி அது. தன் உடலுக்குள் மறைந்திருப்பதைக் காண அவன் படைத்த கருவி எண்டோஸ்கோப் எனும் உள்நோக்கி.

மூக்கிற்குப் பின்னே, மண்டையோட்டின் அடித்தளத்தில், பட்டாணி அளவும் ஏறத்தாழ அரை கிராம் எடையும் கொண்ட பிட்யூட்டரி சுரப்பி அமைந்துள்ளது. உடலின் வளர்ச்சியையும் நீரளவையும் ஆள்வது இச்சிற்றுறுப்பே. அதில் கட்டி பெருத்தால் மேலேயுள்ள பார்வை நரம்புகள் அழுந்திப் பக்கப்பார்வை மங்கும். 1907இல் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் இத்தகைய கட்டியை மூக்கு வழியாக அகற்றினார். 1990களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் அவ்வழியில் எண்டோஸ்கோப்பைச் செலுத்தும் முறையை வளர்த்தனர். நமக்கு அருகே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1949இலேயே ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார்.

இம்முறையின் பயன் பெரிது. மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை. முகத்தில் தழும்பும் இராது. பார்வை மங்கியவர்களுள் பெரும்பாலோர்க்கு அது தெளிவடைகிறது. தேர்ந்த மையங்களில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆயினும் இடர்கள் இல்லாமலில்லை. மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கு வழியே கசியலாம். மூளைச்சவ்வில் காய்ச்சல் காணலாம். அடங்காத் தாகமும் ஓயாத சிறுநீர்ப் போக்கும் தோன்றலாம். சுரப்பி குன்றினால் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண நேரலாம். அரிதாகப் பெருங்குருதிக்குழாயும் காயமுறலாம்.

இங்கேதான் ஓர் அறவினா எழுகிறது. நூற்றுக்கணக்கு மருத்துவருக்கு வழிகாட்டுகிறது. நோயாளிக்கு அது என்ன? நூற்றில் ஒருவருக்கு வரும் துன்பம் அந்த ஒருவருக்கு முழுத் துன்பமே. மேலும், அக்கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதானா?

ஜமுனாமரத்தூருக்கு அப்பால், சாமை விதைத்து வாழும் ஓர் உழவரை எண்ணிப் பாருங்கள். அறுவை நன்கு முடிந்து வீடு திரும்புகிறார். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறது. மலைக்குளிரில் அதைச் சளியென்றே எவரும் எண்ணுவர். ஒரு வாரம் கழிந்து இரத்தத்தில் உப்பு குறையலாம். தலைவலியும் வாந்தியும் மனக்குழப்பமும் வரும். காய்ச்சல் கண்டால் ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டி உண்ண வேண்டும். அறியாமல் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நகரத்தில் இவை ஓர் ஆட்டோப் பயணத்தில் தீரும். மலையில் அதே இடர், தூரத்தால் பேரிடராகிறது. கத்தி செய்த பிழை எதுவும் இல்லை. ஆயினும் அவர் இழக்கக்கூடும்.

"பாமரரிடம் இவற்றையெல்லாம் சொன்னால் அஞ்சி ஓடிவிடுவாரே" என்பர் சிலர். வானத்தை நம்பி விதைப்பவருக்கு நிச்சயமின்மை புதிதன்று. அவரிடம் மறைப்பது இரக்கம்போலத் தோன்றினும், அவருடைய உடலைப் பற்றிய முடிவை அவரிடமிருந்து பறிப்பதே ஆகும். அச்சுறுத்தாமலும் மழுப்பாமலும் அவர் மொழியில் கூறுதல் வேண்டும்: எந்த அறிகுறிக்கு அஞ்ச வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்தலாகாது, இரவில் யாரை அழைப்பது என்று.

ஆனால் சொல்வதோடு கடமை முடிவதில்லை. அறிகுறியை அறிந்தும் இறங்கிவர வண்டியில்லாதவருக்கு அறிவு மட்டும் என்ன செய்யும்? அறுவையின் வெற்றியைத் தையலோடும் தெளிந்த பார்வையோடும் கணக்கிடுகிறோம். அந்த ஒருவர் ஓராண்டுக்குப் பின் தம் நிலத்தில் நின்று சாமை அறுக்கிறாரா என்று கேட்பதே சரியான கணக்கு. அக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு மருத்துவருக்கு மட்டுமன்று. மாத்திரை கிடைக்கச் செய்பவருக்கும், பேருந்து ஓட்டுபவருக்கும், அண்டை வீட்டாருக்கும் உண்டு.

நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் நலம் பெற்றதற்கு மகிழ்வோம். அந்த ஒருவரின் பெயரைக் கேட்டறியும் வரை நம் கணக்கை முடிக்காதிருப்போம்.