பல்லும் மனச்சாட்சியும்



ஒரு குடும்பத்தில் 15 வயது மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன்பற்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. சிரிக்கும்போதெல்லாம் அவள் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பற்களை நிரைப்படுத்த இரண்டு வழிகள் உண்டென்று பல் வைத்தியர் சொல்லுகிறார். ஒன்று, பற்களில் ஒட்டிப் பூட்டும் கம்பி. மற்றது, கழற்றி மாட்டக்கூடிய நிறமற்ற பிளாஸ்ரிக் உறை. அதனை அலைனர் என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள், "அம்மா, கம்பி போட்டால் பள்ளிக்கூடத்தில எல்லாரும் பகிடி பண்ணுவினம். எனக்கு மற்றதுதான் வேணும்" என்கிறாள். விலையைக் கேட்ட தகப்பன் பேசாமல் இருக்கிறார். தாயின் கை கழுத்துச் சங்கிலியைத் தடவுகிறது.

இந்தக் காரியம் பல் வைத்தியரின் அறையோடு முடிந்துவிடுமா? மனச்சாட்சிக்கும் இதில் வேலை உண்டா? சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

கடவுள் தந்த பல்லைத் திருத்துவதே வீண் பெருமை அல்லவா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. நெருங்கி ஏறிய பற்களைத் துலக்குவது கடினம். அதனால் சூத்தையும் முரசு நோயும் எளிதில் வரும். மிகவும் முன்னே தள்ளிய மேற்பற்கள் விழுந்தெழும் பிள்ளைகளுக்கு உடைந்துபோவதும் அதிகம். உடல் நலம் இறைவனின் கொடை, அதனை நியாயமான அளவில் பேண வேண்டும் என்று 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கிறது. உடலையே வழிபாட்டுப் பொருளாக்கும் மனப்பான்மையையும் அது அதே இடத்தில் கண்டிக்கிறது. பரிசுத்த தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தாம் இறப்பதற்கு ஐந்து நாட்களின் முன், 1958 ஒக்ரோபர் 4-ம் திகதி, உருவமைப்புச் சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கு உரையாற்றினார். உடலழகும் ஒரு நன்மையே, ஆனால் அதற்கு மேலான நன்மைகள் உண்டு, நோக்கமும் சூழ்நிலையுமே அதனை நாடுவது நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிக்கும் என்பது அவர் காட்டிய வழி. ஆகவே வாயைப் பொத்தாமல் சிரிக்க அந்த மகள் விரும்புவதில் தவறில்லை.

இனி, இரண்டு வழிகளையும் பார்ப்போம். பிரான்சு தேசத்துப் பல் வைத்தியர் பியர் போஷார் 1728-ல் வெளியிட்ட நூலிலேயே பற்களை நிரைப்படுத்தும் உலோகப் பட்டை பற்றி எழுதியிருக்கிறார். கணினியின் துணையோடு வரிசை வரிசையாகச் செய்யப்படும் அலைனரோ 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. உருவம் வேறானாலும் இரண்டும் செய்வது ஒன்றே. பல்லை மெதுவாக அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு உண்டாகிறது. மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் பல் நகரும். சாதாரணமாக ஓராண்டு தொடக்கம் இரண்டாண்டு வரை செல்லலாம்.

கம்பி இரவும் பகலும் வாயிலேயே இருக்கும். முறுக்கு, தொதல் போன்ற கடினமானதையும் ஒட்டுவதையும் தவிர்க்க வேண்டும். கவனமாகத் துலக்காவிட்டால் பல்லில் வெண்புள்ளிகளும் சூத்தையும் விழும். ஆனால் அதிகம் திரும்பிய பற்களையும், பல் பிடுங்கிய பெரிய இடைவெளிகளையும் சீர்செய்யப் பெரும்பாலும் கம்பியே நம்பகமானது. அலைனரை உண்ணும்போது கழற்றலாம்; துலக்குவதும் இலேசு. சிறிய, நடுத்தரக் கோணல்களுக்கு அது நன்றாக உதவும். ஆனால் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணித்தியாலம் அணிய வேண்டும். ஒன்று இரண்டு கிழமைக்கொருமுறை அடுத்த உறைக்கு மாற வேண்டும். பிடிப்புக்காகப் பல்லின் நிறத்திலே சிறு மேடுகளை ஒட்டுவதும் உண்டு; ஆகையால் ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது.

இங்கேதான் மனச்சாட்சியின் வேலை தொடங்குகிறது. கம்பி பூட்டிய பிள்ளை அதனைத் தானே கழற்ற முடியாது. அலைனர் அணிந்த பிள்ளையோ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், மறுபடி சம்மதிக்க வேண்டும். கலியாண வீட்டில் கழற்றிக் கடதாசியில் சுற்றி வைத்தது இரவுவரை அங்கேயே கிடக்கும். தாய் கேட்டால், "ஓமம்மா, போட்டிருந்தனான்" என்ற பதில் எளிதாக வரும். ஆனால் பல் பொய் சொல்லாது. அடுத்த உறை அதன்மேல் பொருந்த மறுத்துவிடும்.

திருச்சபையும் நமக்கு இருவித ஒறுத்தலைத் தந்திருக்கிறது. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டளையான உபவாச நாட்கள். மற்ற நாட்களில் நாமாக ஏற்கும் ஒறுத்தல்கள் கடவுளுக்கு மட்டுமே தெரிந்தவை. இரண்டும் நல்லவையே. தன் உறுதி பலவீனமானது என்று அறிந்து, கட்டுப்படுத்தும் ஒழுங்கைத் தேடுபவன் தாழ்ந்தவனல்லன். அவன் தன்னை அறிந்தவன். எனவே, "எது அழகாய் இருக்கும்?" என்று மகளிடம் கேட்பதற்கு முன், "யாரும் பாராதபோதும் உன்னால் இதைக் கடைப்பிடிக்க முடியுமா?" என்று கேளுங்கள். உண்மையான பதில் கிடைத்தால், வைத்தியரின் ஆலோசனையோடு பாதி முடிவு கிடைத்துவிடும்.

மறைவாக அணிய விரும்புவது தவறா என்றால், அல்ல. உபவாசம் இருப்பவர் அதனை மனிதர் முன் காட்டிக்கொள்ளக் கூடாது என்று யேசுநாதரே போதித்தார். ஆனால் அடக்கத்தினால் மறைப்பது வேறு, வெட்கத்துக்கு அடிமையாகி மறைப்பது வேறு. மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளையை "நாலு கண்" என்று பகிடி பண்ணிய காலமும் இருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி எப்படியோ, பல்லுக்குக் கம்பியும் அப்படித்தான்.

இவ்விடத்தில் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மகளைப் பகிடி பண்ணப்போகும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? நமது மறைக்கல்வி வகுப்பில், நமது பாடகர் குழாமில் அவளருகே இருப்பவர்களாக இருக்கலாம். நம் பிள்ளைகளின் நாவு ஒரு தாயின் சங்கிலியை அடைவு கடைக்கு அனுப்பக்கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை. பிறருடைய உடற்குறையை வைத்துச் சிரிக்கும் பழக்கம் நம் வீட்டு விறாந்தையிலேயே பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். இலங்கையில் பல் சீரமைப்பு வைத்திய நிபுணர் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் பிள்ளைகளுக்குக் கம்பிச் சிகிச்சை கிடைக்கிறது; காத்திருக்க வேண்டி வரலாம். அலைனருக்குப் பெரும்பாலும் தனியார் வைத்தியரையே நாட வேண்டும். வசதியுள்ள குடும்பம், வைத்தியர் தகுதியென்று கண்டால், அலைனரைத் தெரிந்துகொள்வதில் குற்றமில்லை. ஆனால் கம்பியாலும் அதே பலன் கிடைக்குமென்றால், பிறர் கண்ணுக்கு மறைப்பதற்காக மட்டும் கடன்படுவதும், தம்பியின் படிப்புக்கு வைத்த காசை எடுப்பதும் நீதியாகுமா? மலிவென்று வைத்தியர் வாயைப் பாராமலே தபாலில் வரும் உறைகளையும் நாடாதீர்கள். அமெரிக்காவில் அவ்வாறு விற்ற பெரிய கம்பனி ஒன்று 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவிலே கைவிடப்பட்டவர்கள் பலர்.

எந்த வழியைத் தெரிந்தாலும், சிகிச்சை முடிந்த பின் பற்களைத் தாங்கும் கருவியொன்றை நெடுங்காலம் அணிய வேண்டும்; இல்லையேல் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். தவக்காலத்தில் திருந்தி, உயிர்ப்பு விழா முடிந்ததும் பழைய வழிக்குத் திரும்பும் நமக்கு இது புதிதல்ல.

பல் நோயாளரின் பாதுகாவலியான புனித அப்பொலோனியாவின் திருநாள் பெப்ரவரி 9-ம் திகதி. 249-ம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பகைவர் அவருடைய பற்களை அடித்து உடைத்தார்கள். அவரோ விசுவாசத்தை மறுக்கவில்லை. பல்லை விட மேலான ஒன்று உண்டென்று அவர் அறிந்திருந்தார். இன்றிரவு குடும்ப செபம் முடிந்த பின் மகளை அருகில் அழைத்து அமைதியாகப் பேசுங்கள். அவள் பல்லுக்கு எது தேவை, அவளால் எதைக் கடைப்பிடிக்க முடியும், வீட்டால் எதைத் தாங்க முடியும் என்ற மூன்றையும் அவளோடு சேர்ந்தே நிறுத்துப் பாருங்கள். வெட்கத்திடம் மட்டும் தீர்ப்பை விட்டுவிடாதீர்கள். கம்பியோடு சிரித்தாலும் உறையோடு சிரித்தாலும், அவள் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கட்டும்.