பாத்திரமும் மனச்சாட்சியும்

நம் ஆண்டவர் சேசுநாதர் திராட்சை இரசத்தையும் தோற்பையையும் வைத்து உவமை சொன்னபோது, கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரசம் புளிக்கும்போது வாயு உண்டாகிறது. புதுத் தோல் இளகிக் கொடுக்கும். காய்ந்துபோன பழந்தோல் வெடிக்கும். நல்ல இரசமானாலும் தகாத பாத்திரத்தில் கெடும் என்பது அவர்கள் வீட்டு அனுபவம்.

இன்று தோற்பை இல்லை. அதன் இடத்தில் பிளாஸ்டிக் கேன் வந்திருக்கிறது. விலை குறைவு, உடையாது, தூக்க இலேசு. கிறிஸ்துமஸுக்கென்று திராட்சை இரசமோ, தேன்மதுவோ வீட்டில் தயாரிப்பவர்கள் அதை மாதக்கணக்காக, சில வேளை வருஷக்கணக்காக, அந்தக் கேனிலேயே விட்டுவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி இப்படித் தயாரிக்க இடமில்லை; நியாயமான சட்டத்துக்குக் கீழ்ப்படிவது நம் கடமை. ஆனால் இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளில் சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு. அங்கே குடியேறிய நம் பிள்ளைகளில் சிலர் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு மட்டுமல்ல, வருஷ ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கும் நம் ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு கேள்வி உண்டு: பிறர் பரிசோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை அவர்களுக்குப் பருகவோ உண்ணவோ கொடுக்கும்போது, நாம் எவ்வளவு கவனத்துக்குக் கடமைப்பட்டவர்கள்?

முதலில் விஷயத்தை அறிந்துகொள்வோம். பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்ற எண்ணுள்ள கெட்டிப் பிளாஸ்டிக், உணவுக்கென்றே செய்யப்பட்டதானால், முதல் சில வாரப் புளிப்புக்கு ஏற்றதுதான். ஆனால் அதன் சுவர் வழியாகக் காற்றிலுள்ள பிராணவாயு மெல்ல மெல்ல உள்ளே செல்லும். வாரங்களில் தெரியாத கெடுதல் மாதங்களில் தெரியும்: நிறம் பழுக்கும், மணம் போகும், கடைசியில் காடியாகும். 3 என்ற எண்ணுள்ள வகையை இளக்குவதற்காகச் சேர்க்கும் பொருள்களில் சில, தண்ணீரில் கரைவதைவிடச் சாராயச் சத்திலும் எண்ணெயிலும் எளிதாகக் கரைகின்றன. திராட்சை இரசத்தில் அந்தச் சத்து நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு பங்கு வரை உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது, பெயிண்டோ பூச்சிமருந்தோ இருந்த கேனைக் கழுவிவிட்டு உபயோகிப்பது. பிளாஸ்டிக் தான் உறிஞ்சியதைச் சோப்பால் விட்டுக்கொடுப்பதில்லை.

“இத்தனை வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே” என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மனியில் உல்ம் நகரத்தாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். புளித்த இரசத்தை இனிப்பாக்க ஈயச் சுண்ணம் சேர்ப்பது அங்கே வழக்கம். 1690-களில் கடுமையான வயிற்றுவலி பரவியபோது, எபர்ஹார்ட் கொக்கெல் என்ற வைத்தியர் மடங்களில் ஒன்றைக் கவனித்தார்: திராட்சை இரசம் குடியாத துறவிகளுக்கு நோய் இல்லை. காரணம் ஈயமே என்று கண்டறிந்தார். 1696-இல் வூர்ட்டம்பர்க் கோமகன் அப்பழக்கத்தைத் தடைசெய்தார். கெடுதல் அதற்கு முன்னும் இருந்தது, அறிவுதான் இல்லை.

அறியாமல் செய்தவனைச் சர்வேசுரன் தண்டிப்பதில்லை. ஆனால் எளிதாக விசாரித்து அறியக்கூடியதை விசாரியாமல் விடுகிறவன் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. இதற்கு வேதசாஸ்திரிகள் வேட்டைக்காரனை உதாரணம் சொல்வார்கள். புதரில் ஏதோ அசைகிறது. மானோ மனிதனோ தெரியவில்லை. “பெரும்பாலும் மானாகத்தான் இருக்கும்” என்று அவன் சுடலாமா? கூடாது. சந்தேகத்தின் நஷ்டம் தன் தலையில் மட்டும் விழுமானால் ஒருவாறு துணியலாம். பிறன் தலையில் விழுமானால் பத்திரமான வழியையே தெரிந்துகொள்ள வேண்டும்.

பூசைக்கு உபயோகிக்கும் திராட்சை இரசம் கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி. 2004-இல் ரோமாபுரி வெளியிட்ட போதனை, எங்கிருந்து வந்தது என்று சந்தேகமுள்ள இரசத்தையும் விலக்குகிறது. நம் வீட்டு மேசை பீடமல்ல என்பது மெய். ஆனாலும் அங்கே அமரும் விருந்தாளி நம்மை நம்பிக் கையேந்துகிறான். கிண்ணத்தை வாங்கும்போது, “இது எந்தக் கேனில் இருந்தது?” என்று எவனும் கேட்பதில்லை. அவன் கேளாததாலேயே அந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“கண்ணாடி ஜாடி வாங்கப் பணம் வேண்டாமா?” என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை: நல்ல பாத்திரம் எவ்வளவு கொள்ளுமோ, அவ்வளவே தயாரிக்கலாம். இருபது லிட்டரைச் சந்தேகத்தோடு பங்கிடுவதைவிட, இரண்டு லிட்டரைத் தைரியமாகக் கொடுப்பது மேல். அளவு குறைந்தால் மிதமும் தானே வரும்; அதுவும் நன்மையே.

அதற்காகக் கண்டதற்கெல்லாம் அஞ்ச வேண்டாம். ஒரு நாள் தண்ணீர் வைத்த பாட்டிலை எண்ணிக் கலங்குவது வீண் சஞ்சலம். உணவுக்கான பாத்திரமா என்று பார்ப்பது, முதல் புளிப்பு முடிந்ததும் கண்ணாடிக்கோ துருப்பிடிக்காத எஃகுக்கோ மாற்றுவது, காற்றுப்புகாமல் மூடுவது, பீங்கானானால் உணவுக்கென்றே மெருகிட்டதா என்று கேட்பது: இவ்வளவே போதும். எதில் இருந்தது என்று தெரியாததைக் கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது மனம் வருந்தும். அந்த வருத்தம் நம்மோடு முடிந்துவிடும். பிறருக்கு ஊற்றிக் கொடுத்தால் எங்கே முடியும் என்று யார் சொல்ல முடியும்?

பிறர் சிநேகம் என்பது கோவிலில் மட்டும் பேசும் வார்த்தையல்ல. பரணில், கதவுக்குப் பின்னால், ஒருவரும் பாராத இடத்தில், எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோம் என்பதிலும் அது இருக்கிறது.