தனிமையும் ஏகாந்தமும்

திருமலையில் நாள்தோறும் பல்லாயிரவர் கூடுகின்றனர். அத்திரளிலும் தன்னை யாருமற்றவனாக உணர்பவன் உண்டு. அங்கு இரவின் இறுதி வழிபாட்டிற்கோ ஏகாந்த சேவை என்று பெயர்.

இவ்விரு நிலைகளுக்குமுரிய ஆங்கிலச் சொற்கள் ஒரே வேரில் பிறந்தவை. தனித்திருத்தலைக் குறிக்கும் 'அலோன்', 'முழுதும்', 'ஒன்று' என்னும் பொருளுடைய இரு சொற்களின் சேர்க்கை. அதன் முதலெழுத்து தேய்ந்தே, தனிமைத் துயரைச் சுட்டும் 'லோன்லி' தோன்றிற்று. முழுமை போனபின் ஏக்கமே எஞ்சியது!

இவ்வேறுபாட்டை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த அவர், பத்து வயதில் தாயையும் 1925-இல் தம்பி நித்யானந்தாவையும் இழந்தார். வெறுமையினின்று ஓடாமல் அதனை நேருக்கு நேர் நோக்குமாறு பின்னாளில் கற்பித்தார்.

துணையற்ற மாலையில் வேறொன்றை நாடாது, சற்றே அமர்ந்து அவ்வெறுமையைக் காண்பவர்க்கு அதுவே ஏகாந்தத்தின் வாயிலாகும்.