காணாததைக் காட்டுவோரின் கடன்

கண்ணால் காண இயலாத ஒன்றைப் படமாகத் தீட்டுவது பொய்யாகுமா? கேள்வி பழையதுதான். ஆயினும் இயற்பியல் அறிஞரும் கணினிவழிப் படக்கலைஞரும் ஒன்றாய் அமர்ந்து ஆய்வு செய்யும் இக்காலத்தில் அது புதிய கனத்தோடு நம்முன் நிற்கிறது. கருந்துளையின் படங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கருந்துளை தன்னுள் விழுந்த ஒளியையும் வெளியே விடாது. ஆனால் அதைச் சுற்றிச் சுழலும் வெப்ப வாயு ஒளிரும். அவ்வொளி நமக்கு எவ்வாறு தோன்றும் என்பதை 1979இல் பிரெஞ்சு வானியலார் ழான்-பியேர் லுமினே கணினியில் கணக்கிட்டார். கணினி தந்தவை எண்கள் மட்டுமே. அவ்வெண்களைக் கொண்டு, மையால் புள்ளி புள்ளியாகத் தம் கையாலேயே படத்தை வரைந்தார். அதில் வளையத்தின் ஒரு பக்கம் சுடர்விட்டது, மறுபக்கம் மங்கியிருந்தது. நம்மை நோக்கி விரையும் வாயு மிகுதியாய் ஒளிர்வதும் விலகி விரைவது மங்குவதும் இயற்கையின் விதி.

2014இல் 'இன்டர்ஸ்டெல்லர்' திரைப்படத்திற்காக, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராயிருந்த கிப் தோர்ன் சமன்பாடுகளைத் தந்தார். லண்டனின் டபுள் நெகட்டிவ் நிறுவனக் கலைஞர்கள் அவற்றைப் படமாக்கினர். கண்டோர் வியந்தனர். ஆனால் அங்கே வளையத்தின் இரு பக்கங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒளிர்ந்தன. உள்ளபடி காட்டினால் பார்ப்போர் குழம்புவர் என்று கருதி அவ்வேறுபாட்டை நீக்கிவிட்டனர். இதை 2015இல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் அவர்களே எழுதவும் செய்தனர்.

உள்ளத்தில் ஒன்றிருக்க, சொல்லாலோ வேறு குறியாலோ மற்றொன்றை வெளியிடுபவனே பொய்யன் என்பது புனித அகுஸ்தீனார் தரும் விளக்கம். படமும் ஒரு குறியே. கதை சொல்பவனை நாம் பொய்யன் என்பதில்லை. அது கதை என்பதைக் கேட்பவனும் அறிவான். ஆனால் அப்படம் கதையாக மட்டும் உலவவில்லை. அறிவியல் துல்லியம் வாய்ந்தது என்னும் புகழோடும் உலவியது. அரங்கில் கண்டோர் எண்ணற்றோர். ஆய்விதழைப் படித்தோர் மிகச் சிலர். உண்மை சொல்லப்பட்டது, கேட்க வேண்டியவரின் செவிக்கு எட்டாத இடத்தில் சொல்லப்பட்டது.

2019 ஏப்ரல் 10 அன்று வேறொரு படம் வெளிவந்தது. மெசியர் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவே, ஏறத்தாழ 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப்போல் 650 கோடி மடங்கு நிறை கொண்ட கருந்துளை அது. எட்டு வானொலித் தொலைநோக்கிகள் 2017இல் திரட்டிய பதிவுகளில் இடைவெளிகள் மிகுதி. அவற்றைக் கணிப்பால் நிரப்ப வேண்டும். அங்கேதான் சோதனை நுழையும். மனம் எதிர்பார்ப்பதையே கை வரைந்துவிடும். இதை உணர்ந்த ஆய்வாளர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழுவின் முடிவை மற்றொன்று அறியாவண்ணம் உழைத்தனர். பின்னர் ஒப்பிட்டபோது நான்கிலும் வளையம் இருந்தது. அதன் ஒரு பக்கம் கூடுதலாய் ஒளிர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தனிமனிதரின் கை நீக்காது வைத்திருந்த வேறுபாடு அது!

அப்படத்தின் செம்மஞ்சள் நிறமோ ஆய்வாளர் இட்டது. 1.3 மில்லிமீட்டர் வானொலி அலைக்குக் கண்ணறியும் நிறம் ஏது? எனினும் அது பொய்யன்று. நிறம் அலையின் செறிவைக் குறிக்கும் அடையாளம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆக, சேர்ப்பது குற்றமன்று. சேர்த்ததை உள்ளது என நம்பவிடுவதே குற்றம்.

இக்கணக்குகளை நம்மில் பெரும்பாலோர் சரிபார்க்க இயலாது. நம்பத்தான் வேண்டும். ஆகவே நம்பப்படுபவர் நம்புவோர்க்குக் கடன்பட்டவர். இல்லாத முகத்தையும் நடவாத நிகழ்ச்சியையும் கணினி நொடியில் தீட்டித்தரும் இந்நாளில் அக்கடன் மேலும் பெரிதாகிறது. அளந்தது எது, சேர்த்தது எது, விட்டது எது? படத்தின் கீழேயே, காண்போர் கண்படும் இடத்தில், இவற்றை எழுத ஒரு வரி போதும்.