ஊட்டும் யந்திரமும் உணவிடும் கடனும்

1936ஆம் ஆண்டில் வெளிவந்த 'மொடேர்ன் டைம்ஸ்' என்னும் திரைப்படத்தில் சார்லி சாப்ளின் ஓர் ஊட்டும் யந்திரத்தைக் காட்டினார். அதனை விற்க வந்தோர் ஆலை முதலாளியிடம் அதன் பெருமையை எடுத்துரைக்கின்றனர். தொழிலாளி வேலையை நிறுத்தாமலே உண்ணலாம். மதிய உணவு இடைவேளை என்ற ஒன்றே தேவையில்லை. பரீட்சார்த்தமாகச் சாப்ளின் அதிற் பிணைக்கப்படுகிறார். சற்று நேரத்தில் யந்திரம் கட்டுமீறுகிறது. சோளக்கதிர் அவர் வாயருகே வெறிகொண்டு சுழல்கிறது. பழுதுபார்க்க வந்தவன் மறதியாகத் தட்டில் வைத்த இரும்புச் சுரைகளும் உணவோடு உணவாக வாய்க்குள் தள்ளப்படுகின்றன. நடைமுறைக்கு உதவாது என்று கூறி முதலாளி அதனை நிராகரித்துவிடுகிறார். அவரை மறுக்கச் செய்தது மனிதாபிமானமன்று என்பதை நாம் கவனித்தல் வேண்டும். சரியாக இயங்கியிருப்பின் வாங்கியிருப்பார்.

இன்று ஊட்டும் யந்திரங்கள் பெரும்பாலும் சரியாகவே இயங்குகின்றன. ஆனால் அவை ஊட்டுவது தொழிலாளிக்கன்று. அவர் வீட்டில் விட்டுவந்த நாய்க்கும் பூனைக்குமே. மேலே உலர் தீனி நிரப்பும் கொள்கலம், அதன் அடியிற் சிறு மோட்டரினாற் சுழலும் சக்கரம், கீழே ஒரு கிண்ணம். இவ்வளவுதான் அதன் அமைப்பு. நேரத்தையும் அளவையும் கைத்தொலைபேசியிற் குறித்துவிட்டால் குறித்தபடி தீனி விழும். சிலவற்றிற் கமெராவும் உண்டு. வளர்ப்பவரின் குரலைச் சில விநாடிகள் பதிந்துவைத்து, தீனி விழும்போதெல்லாம் ஒலிக்கச் செய்யும் வசதியும் உண்டு. இத்தகைய யந்திரங்களுட் பெரும்பாலானவை உலர் தீனியையன்றி வேறொன்றையும் ஏற்பதில்லை. சோறும் மீன்குழம்பும் அச்சக்கரத்தினூடே செல்லா. ஈழத்து முற்றத்து நாய்கள் இதன் ஆட்சிக்கு இன்னும் உட்படாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்!

நம்மை அண்டி வாழும் ஓர் உயிருக்கு உணவிடும் கடன், உணவு அதன் வாயைச் சென்றடைந்தவுடன் நிறைவேறிவிடுகிறதா என்பதே நம் முன்னுள்ள வினா. நிறைவேறிவிடுகிறது என்று வாதிடுவோர் உளர். அவர்களது வாதம் எளிதில் ஒதுக்கித்தள்ளக் கூடியதன்று. நாயின் பசி நேரமறியும். இட்டவர் யார் என்ற தத்துவ விசாரம் அதற்கில்லை. இரவுப் பணி முடித்து விடிந்தபின் வீடு திரும்பும் தாதி ஒருத்தியின் பூனை, பாசமிக்க அவள் கைக்காகப் பட்டினி கிடப்பதைவிட யந்திரத்தின் கையால் நேரத்துக்கு உண்பது மேலல்லவா? நீரிழிவு நோயுற்ற பூனைக்கு இன்சுலின் ஏற்றும் வேளையை ஒட்டி அளந்த உணவு வேண்டும். கண்டபோதெல்லாம் அள்ளிப்போடும் அன்பு அதற்குக் கேடாகவே முடியும். யந்திரத்தைக் கண்டவுடன் பழைமையை எண்ணிப் பெருமூச்சு விடுவது நமது மரபன்று. தண்ணீர்க் குழாய் வந்தபோது கிணற்றடியின் கவிதையை எண்ணிக் கலங்கியோர், பெரும்பாலும் தாமே தண்ணீர் அள்ளாதவர்களாகத்தான் இருந்திருப்பர்.

எனினும், அவ்வாதத்தில் ஒரு குறையுண்டு. உணவிடுதல் என்பது ஒரே செயலைப் போலத் தோன்றினும் அதனுள் இரு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று இடுவது, மற்றையது பார்ப்பது. பூனை நோயுற்றால் முனகுவதில்லை. மூலையில் ஒதுங்கும், உணவை விட்டுவிடும். சில நாட்கள் தொடர்ந்து உண்ணாதிருக்கும் பூனையின், சிறப்பாகப் பருத்த பூனையின், ஈரலிற் கொழுப்புத் திரண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை மிருக வைத்தியர்கள் அறிவர். கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரு கணம் நின்று பார்ப்பவர் முதல் நாளே ஐயுறுவார். சாதாரண யந்திரமோ தான் கொட்டியதை மட்டுமே கணக்கிடும். உண்ணப்பட்டதா, உண்டது எது என்பது அதன் கணக்கில் இல்லை. இரண்டு பூனைகள் உள்ள வீட்டில் வலியது இரண்டு பங்கையும் தின்றுவிட, மெலிந்தது மேலும் மெலியும். கைத்தொலைபேசியில் மட்டும் "உணவு வழங்கப்பட்டது" என்ற செய்தி நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கும். பூனையின் தோலின் கீழ்ப் பதித்த நுண்சில்லை அறிந்து, உரிய பூனைக்கு மட்டும் மூடி திறக்கும் கிண்ணங்களும் வந்துள்ளன என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவை தரும் கணக்கையும் எவரோ ஒருவர் பார்த்தாக வேண்டும்.

இனி நாயின் பக்கம் நின்றும் நோக்குவோம். பவ்லோவின் ஆய்வுகூட நாய்களுக்கு, உணவு வாயில் விழுமுன்னரே, அதனைக் கொண்டுவரும் பணியாளனைக் கண்ட மாத்திரத்தில் உமிழ்நீர் சுரந்தது. சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அவ்வறிஞரைப் புதியதொரு துறைக்கு இட்டுச் சென்றது இந்தச் சிறு நிகழ்ச்சியே. அங்கே உணவுக்கு அறிகுறியாயிருந்தவன் ஒரு மனிதன். இன்றைய யந்திரத்தின் முன் காத்திருக்கும் நாய்க்கோ மோட்டரின் ஒலியே அறிகுறி. எசமானின் பதிந்த குரலும் அவ்வொலியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அழைப்பவர் வருவதில்லை, அழைப்பு மட்டும் வருகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் கருதத்தக்கது. பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த கால இடைவெளியில் யந்திரமொன்று உணவு காட்டியது. எட்டுப் புறாக்களுள் ஆறு விசித்திரமான வழக்கங்களை வளர்த்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் வட்டமிட்டது. மற்றொன்று மேல் மூலையைத் தலையால் முட்டிக்கொண்டேயிருந்தது. தம் செய்கையே உணவை வரவழைத்தது என்று அவை கொண்டாற்போல இருந்தது. ஸ்கின்னர் இதனை மூடநம்பிக்கை என்றார். பின்வந்தோர் அவரது விளக்கத்தை மறுத்தும் எழுதினர். விளக்கம் எதுவாயினும், காரணம் புலப்படாத ஓரிடத்திலிருந்து உணவு வரும்போது உயிர் வெறுமனே காத்திருப்பதில்லை என்பது தெளிவு.

யந்திரம் பழுதுற்றால் பொறுப்பு யாருடையது? இங்கேதான் பிரச்சினை கூர்மையடைகிறது. 2016 யூலையில், ஐக்கிய அமெரிக்காவின் பெற்நெற் என்னும் நிறுவனம் விற்ற ஊட்டும் யந்திரங்களிற் பல, அந்நிறுவனம் வாடகைக்கு நம்பியிருந்த பிறர் கணினிகள் செயலிழந்தமையாற் கட்டளை பெறாமல் நின்றன. செல்லப்பிராணிகளுக்குக் கையால் உணவிடுமாறு நிறுவனம் வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது. 2020 பெப்ரவரியில் மீண்டும் பல நாட்கள் இடையூறு நேர்ந்தது. முறைப்பாடு செய்தோர் பதிலின்றி நின்றனர் என்று செய்திகள் வெளியாயின. அதன்பின் அந்நிறுவனமே மறைந்துபோயிற்று. கையால் இடக்கூடிய தூரத்தில் இருந்திருப்பின் அவர்கள் யந்திரத்தை வாங்கியிரார். பணம் கொடுத்தவர் கடனைக் கைமாற்றிவிட்டதாக எண்ணினார்; பணம் பெற்றவர் ஒரு பண்டத்தை விற்றதாக மட்டுமே எண்ணினார். இருவர் கணக்கிலும் இல்லாத இடத்தில் ஒரு நாய் வெறுங்கிண்ணத்தின் முன் அமர்ந்திருந்தது.

இதற்கு மாறானதொரு வரலாறும் உண்டு. 1957 நவம்பர் 3ஆம் நாள் சோவியத் நாடு ஏவிய இரண்டாவது ஸ்புட்னிக்கில், லைக்கா என்னும் நாய்க்குக் கூழ்மமாக்கிய உணவு வழங்கத் தானியங்கிக் கருவியொன்று பொருத்தப்பட்டிருந்தது. மொஸ்கோத் தெருக்களில் அலைந்த நாய் அது. அது திரும்பி வராது என்பதை அனுப்பியோர் அறிவர். பயணத்துக்கு முன்னர் மருத்துவர் யஸ்டோவ்ஸ்கி அதனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று பிள்ளைகளுடன் விளையாடவிட்டார். ஏவிய சில மணி நேரத்துக்குள் வெப்பமிகுதியால் அது இறந்துபட்டது என்ற உண்மை 2002இற்றான் வெளிப்படையாயிற்று. அந்நீண்ட மௌனத்தை நாம் நியாயப்படுத்த முயலவில்லை. ஆயினும் அப்பணியிற் பங்குகொண்ட கசென்கோ என்னும் விஞ்ஞானி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1998இல், தாம் செய்ததற்கு வெளிப்படையாக வருந்தினார். கருவி உணவிட்டது என்று அவர் தம் மனத்தை ஆற்றிக்கொள்ளவில்லை.

மீண்டும் அந்தத் தாதியிடம் வருவோம். பூனையைப் பட்டினி போடாதிருக்கத் தன் சொற்பச் சம்பளத்தில் யந்திரம் வாங்கியவளை நாம் குறைகூறுவது அநீதி. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கு என்று 19ஆம் நூற்றாண்டிலே தொழிலாளர் முழங்கினர். 1886 மேயிற் சிக்காகோவிற் குருதியும் சிந்தினர். பூனைக்கு உணவு வைத்து அருகே நிற்கும் ஐந்து நிமிடமும் அந்த மூன்றாவது எட்டு மணியிலேதான் அடங்கும். இரட்டை முறைப் பணியும் நெடுந்தூரப் பேருந்துப் பயணமும் அதனைத் தின்றுவிட்டன. சாப்ளினின் முதலாளிக்கு உணவு இடைவேளையை ஒழிக்க ஒரு யந்திரம் தேவைப்பட்டது. அதன் விலையைக் கொடுக்க வேண்டியவர் அவராகவாவது இருந்தார். இன்றோ, தன் நேரத்தை இழந்தவளே அந்த இழப்பை ஈடுசெய்யும் யந்திரத்துக்கும் விலை கொடுக்கிறாள். விடிந்து வீடு வந்ததும், களைத்த கண்களோடு, அவள் முதலிற் குனிந்து பார்ப்பது கிண்ணத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைத்தான்.