அனுபவித்துவிட்டு வருவது

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாடு போக விண்ணப்பிப்பவர்கள், நோக்கம் என்ற கட்டத்தில் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள். சீன மொழியையும் பண்பாட்டையும் அனுபவித்து அறிய விரும்புகிறேன். வேறு நாடு என்றால் அந்த மொழியின் பெயர் வரும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். இந்த வாக்கியத்தில் என்னை உறுத்துவது ‘அனுபவித்து’ என்ற சொல்.

தமிழில் இந்தச் சொல் இரண்டு இடங்களில் அழுத்தமாகப் புழங்குகிறது. ஒன்று கிரயப் பத்திரம். வாங்கியவர் நிலத்தைச் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதுவார்கள். மற்றொன்று பெண்களின் பேச்சு. ‘பத்து வருஷமா அவன்கிட்ட என்னென்ன அனுபவிச்சிருக்கா தெரியுமா’ என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால், அதில் இன்பம் ஏதுமில்லை என்பது கேட்பவளுக்குத் தெரியும். நிலத்தை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கஷ்டத்தை அனுபவித்தவர்கள் பெண்கள் என்பதை அகராதியில் போடமாட்டார்கள். ஒரு பெண் நாலு மாதம் இன்னொரு நாட்டுக்குப் போய் அங்குள்ள பெண்கள் வாழ்கிற பண்பாட்டை அனுபவிக்கிறாள் என்றால், அது இந்த இரண்டில் எது?

சீனத்தில் இதற்குத் ‘தி-யென்’ என்று ஒரு சொல் இருக்கிறது. முதல் எழுத்துக்கு உடல் என்று பொருள், இரண்டாவதற்குச் சோதித்து உறுதிசெய்வது. உடம்பைக் கொண்டு சோதித்து அறிவது என்று பிரித்துச் சொல்லலாம். (உடலுக்கும் உண்மைக்கும் ‘மெய்’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடும்.) வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நடக்கும் வகுப்புகளையும் இதே சொல்லால்தான் அழைக்கிறார்கள்: காகிதம் வெட்டுதல், மாவில் பூரணம் வைத்து மடித்தல், தாய்ச்சி, தூரிகை எழுத்து. இவற்றை நான் கேலி செய்யவில்லை. தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, முழங்கையை ஊன்றாமல் ஒரே ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் எழுதுவது தோள்பட்டையின் வேலை என்று தெரிந்துவிடும். புத்தகம் அதைச் சொல்லித் தராது.

ஆனால் வகுப்பு முடிந்து அந்த உடல் எங்கே தூங்கப் போகிறது? பல சீனப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடம், பெரும்பாலும் அறைக்கு இரண்டு பேர். சீன மாணவிகள் வேறு கட்டடத்தில், ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர், சில இடங்களில் எட்டுப் பேர். விருந்தாளியை வசதியாக வைத்துக்கொள்வது மரியாதைதான். அந்த மரியாதையே சுவராகவும் ஆகிவிடுகிறது.

இந்தச் சுவரைப் பற்றிப் பெண்ணியத்தில் பழைய விவாதம் ஒன்று உண்டு. ஜூலியா கிறிஸ்தவா 1974இல் பிரெஞ்சு அறிவுஜீவிகள் சிலருடன் சீனா போய் வந்து, அந்த ஆண்டே சீனப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஹூஷியன் என்ற ஊரின் சதுக்கத்தில் பெரிய கூட்டம் ஒன்று அசையாமல், பேசாமல் தம்மைப் பார்த்ததை அதில் சொல்கிறார். காயத்ரி ஸ்பிவாக் 1981இல் எழுதிய கட்டுரையில் அதைப் பிடித்துக்கொண்டார். எதிரே நிற்பவர்கள் யார் என்று கேட்க வேண்டிய இடத்தில், இவர்கள் முன்னால் நான் யார் என்ற கேள்விதான் அங்கே எழுகிறது என்றார். ஸ்பிவாக் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. பார்க்கப்படும் பெண் பேசத் தொடங்கி, நமக்குப் புரிகிற மொழியில் நம்மிடமே கேள்வி கேட்டால் என்ன ஆகும்?

ஷாங்காய் மக்கள் பூங்காவில் வார இறுதிகளில் பெற்றோர் கூடுகிறார்கள். விரித்து வைத்த குடைகளில் பிள்ளைகளின் விவரத்தாளை ஒட்டியிருப்பார்கள்: பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு. பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. வெளிநாட்டவர்கள் தவறாமல் படம் எடுக்கும் இடம் அது. 27 வயதைத் தாண்டியும் மணமாகாத படித்த பெண்களைக் குறிக்கும் ‘ஷெங்-ந்யூ’, அதாவது மிச்சப்பட்டவள் என்ற சொல்லை 2007இல் சீனக் கல்வி அமைச்சகம் புதிய சொற்களின் பட்டியலில் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவைப் பக்கத்தோடு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி வர நியாயமில்லை. ‘முதிர்கன்னி’ என்ற சொல்லை நம் புதுக்கவிஞர்கள், குறிப்பாக ஆண்கள், எவ்வளவு இரக்கத்தோடு எழுதித் தீர்த்தார்கள் என்பதும் நினைவிருக்கும். அந்த இரக்கம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. மொழி தெரியாதவள் பூங்காவில் குடைகளைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். மொழி தெரிந்தவளிடம் ஓர் அம்மா வயசென்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுவாள். உடம்பால் சோதித்து அறிவது அங்கேதான் தொடங்குகிறது. அதுவரை பார்வையாளராக இருந்தவளுக்கும் அந்த நிமிடத்தில் ஒரு குடை வந்துவிடுகிறது.

இதைவிடக் கடினமான கேள்வி இரவு பற்றியது. சீன நகரங்களில் படித்த பெண்கள் பலர் சொல்வது, இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடக்க முடிந்தது என்பது. ஆறரை மணிக்கு விடுதிக் கதவு சாத்தப்படும் ஊரிலிருந்து போகிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை. கால்கள் அதை மறக்காது. அதே நாட்டில் 2015 மார்ச்சில், பேருந்திலும் ரயிலிலும் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராக ஒட்டுத்தாள் ஒட்டத் திட்டமிட்டதற்காக ஐந்து பெண்களைப் பிடித்து 37 நாட்கள் காவலில் வைத்தார்கள். மகளிர் தினத்துக்குச் சற்று முன்னால். தெருவை எனக்குப் பாதுகாப்பாக வைத்திருக்கும் அரசு, தெரு பாதுகாப்பாக இல்லை என்று சொன்ன பெண்ணை அடைத்து வைக்கிறது. அந்த இரவு நடையை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

உண்ட வீட்டைக் குறை சொல்லாதே என்பார்கள். இந்த அறிவுரை எனக்குப் புதிதில்லை. பிறந்த வீட்டில் நீ போகப்போகிறவள், புகுந்த வீட்டில் நீ வந்தவள், இரண்டிலும் வாயை மூடு என்று பெண்ணை அவள் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக வைத்துப் பழக்கிய வாசகம் அது. அடுத்தவர் பண்பாடு, நாம் தீர்ப்பு சொல்லலாமா என்று நாகரிகமாகக் கேட்பவர்களும் இதே கதவைத்தான் சாத்துகிறார்கள். அதற்காக, ஊர் திரும்பிச் சீனாவைத் திட்டுவதும் நேர்மையாகாது. இங்கே அதற்குக் கைதட்டல் இலவசமாகக் கிடைக்கும், கைதட்டுகிறவர்களுக்குப் பெண்களைப் பற்றி அக்கறையும் இருக்காது. எந்தக் குறையை அவர்கள் மொழியில், அங்கே வாழும் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமோ, சொல்லிவிட்டு நம் விடுதிக் கதவைப் பற்றி அவள் கேட்பதற்கும் பதில் வைத்திருக்க முடியுமோ, அந்தக் குறையைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு என்று நினைக்கிறேன். நாலு மாதச் சீனம் இதற்குப் போதாது. முதல் பருவத்தோடு நிறுத்தாதே என்று மாணவிகளிடம் நான் சொல்வது வேலைவாய்ப்பை நினைத்து அல்ல.

2018இல் பாலியல் தொல்லைகளைப் பற்றிச் சீனப் பெண்கள் இணையத்தில் எழுதத் தொடங்கியபோது ‘மீ டூ’ என்ற சொல் தணிக்கைக்குள்ளானது. அவர்கள் ‘மீ தூ’ என்று எழுதினார்கள். மீ என்றால் அரிசி, தூ என்றால் முயல். ஒரு கிண்ணச் சோறும் ஒரு முயலுமாகப் படம் போட்டார்கள். தணிக்கை செய்பவருக்கும் அது புரிந்திருக்கும், ஆனால் அரிசியையும் முயலையும் மொழியிலிருந்து எடுத்துவிட முடியாதே. இரண்டும் தொடக்கநிலையில் படிக்கும் மாணவி தெரிந்துகொள்ளும் எழுத்துகள்தான். சேர்த்துப் படிக்க அவளுக்கு ஒரு தோழி வேண்டும், அறைக்கு ஆறு பேர் இருக்கும் அந்த அடுத்த கட்டடத்திலிருந்து.